மலையடிவாரத்து விறகுக் கட்டு
(சங்க ஆண்டு விழாவில் நிழற்படங்களைத் திரையிட்டு நிகழ்த்திய உரை)



ஆண்டு விழாவில் ஏதேனும் பேசவேண்டுமெனச் செயலாளர் பணித்தபோது நாங்கள் பெரிதும் தயங்கினோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பார்சல் அலுவலகத்தில் எடை எழுதியும் இரசீது கிழித்தும் இருபது ஆண்டுகளைக் கழித்தவர்களுக்கு மேடையில் என்ன வேலை? இலக்கியம் பேசப் புலவர்கள் இருக்கிறார்கள். இசை பேச வல்லுநர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் இருப்பவை சில படங்களே. ஞாயிறுதோறும் குடும்பத்தோடு மலைப்பாதையில் நடந்தபோது கைப்பேசியில் எடுத்தவை அவை. அவற்றுள் பனிமலைச் சிகரம் இல்லை. ஏரியில் மிதக்கும் படகு இல்லை. எல்லாம் அன்றாடக் காட்சிகள். அவற்றைக் காட்டுவதற்கு ஒரு காரணமும் உண்டு. அதனை இறுதியிற் சொல்லுவோம்.

முதற் படத்தைப் பாருங்கள். நம் நிலையத்தின் பெயர்ப் பலகை. நாள்தோறும் பார்க்கும் பலகைதான். 'கத்கோதாம்' என்னும் பெயரின் பொருளை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? 'காட்' என்றால் மரக்கட்டை. 'கோதாம்' என்றால் பண்டசாலை. மலைக்காட்டு மரங்களைக் கொண்டுவந்து சேர்த்து வைத்த இடமாதலின் இவ்வூர் இப்பெயர் பெற்றது. 'கோதாம்' என்னும் சொல்லும், ஆங்கிலேயர் வழங்கிய 'கோடவுன்' என்னும் சொல்லும் நம் 'கிடங்கு' என்பதோடு உறவுடையவை எனச் சொல்லாராய்ச்சியாளர் சிலர் கூறுவர். அஃது உண்மையாயின், நாம் வந்து சேருமுன்னரே நம் சொல் ஒன்று இங்கு வந்து குடியேறிவிட்டது. 1884ஆம் ஆண்டில் இருப்புப்பாதை இவ்வூரை வந்தடைந்தது. பக்கத்து ஊராகிய ஹல்த்வானியும் ஒரு மரத்தால் பெயர் பெற்றதே. 'ஹல்தூ' எனப்படும் அம்மரம் நம் நாட்டு மஞ்சட் கடம்பே ஆகும். ஆகவே மரத்தின் பெயரால் அமைந்த இரண்டு ஊர்களுக்கிடையே நாம் வாழ்கிறோம். விறகைப் பற்றிப் பேச இதனினும் தகுந்த இடம் வேறு உண்டோ?

இரண்டாம் படம், ஜ்யோலிகோட்டுக்கு மேலே ஒரு சிற்றூரில் எடுத்தது. ஐப்பசி மாதத்துக் காலை. வீட்டின் கீழ்த்தளம் மாட்டுக்கு, மேல்தளம் மனிதர்க்கு. கூரை கற்பலகையால் வேயப்பட்டது. மாட்டின் உடல் வெப்பம் மேலே ஏறி மனிதருக்கும் உதவும் என்பது இந்த அமைப்பின் நுட்பம். முற்றத்தில் மிளகாய் காய்கிறது. கூரைமேல் மஞ்சட் பூசணிக்காய்கள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. களத்தில் இருப்பது மடுவா, அதாவது நம் கேழ்வரகு. பக்கத்தில் உள்ளது ஜங்கோரா, நம் குதிரைவாலி. பாட்டியார் ஒருவர் முறத்தில் புடைக்கும் பருப்பு கஹத். அது வேறொன்றுமன்று, நம் கொள்ளு. குளிர்காலத்தில் உடலுக்குச் சூடு தரும் என்று இவர்களும் அதனை உண்கிறார்கள். நாமும் சளி பிடித்தால் கொள்ளு இரசம் வைக்கிறோம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் அடுப்பில் கொதிப்பது ஒன்றே என்று கண்டபோது எங்கள் வீட்டம்மையார் அம்முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும்போது மடியில் ஒரு படி கொள்ளு இருந்தது.

இங்கு ஒன்று சொல்லவேண்டும். குறிஞ்சித் திணைக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை என்று ஒப்பித்து மதிப்பெண்ணும் பெற்றோம். அதன் பொருள் விளங்கியது இம்மலைக்கு வந்த பிறகே. மலைநாட்டானுக்கு ஆண்டின் மற்றைய மாதங்களெல்லாம் அந்நான்கு மாதங்களுக்கு ஆயத்தம் செய்யும் காலங்களே.

மூன்றாம் படம்: மரக்கிளையில் தொங்கும் வைக்கோற்போர். மழை ஓய்ந்ததும் பெண்கள் மலைச்சரிவில் புல்லறுப்பார்கள். அதனை உலர்த்தி, மரத்தைச் சுற்றியும் கம்பத்தைச் சுற்றியும் போராக அடுக்குவார்கள். மாட்டுக்கு உணவு சேர்ந்த பிறகே மனிதனுக்கு நெருப்பு. புல்லறுப்பு முடிந்ததும் விறகு வேலை மும்முரமாகும்.

நான்காம் படத்தைச் சற்று நேரம் திரையில் நிறுத்தி வைக்குமாறு வேண்டுகிறோம். இதில் முகம் இல்லை. மலைப்பாதையில் நடக்கும் இரண்டு கால்களும், அவற்றின்மேல் ஒரு விறகுக் கட்டும் மட்டுமே தெரிகின்றன. முகம் தெரியப் படமெடுக்க அம்மூதாட்டியார் இசையவில்லை. "கட்டை எடுத்துக்கொள், முகம் எதற்கு?" என்றார். இவர் நம் குடியிருப்புக்குப் பால் கொண்டுவந்தவர். நம்மிற் பலர் அறிந்தவரே. குமாவூனி மொழியில் பாட்டியை 'ஆமா' என்பர். எங்கள் குழந்தைகளும் அவரை அப்படியே அழைத்தார்கள். நம் 'அம்மா'வுக்கு ஒரு மாத்திரை மாறியது போன்ற அச்சொல் எங்கள் வீட்டில் எளிதாக ஒட்டிக்கொண்டது.

எடை பார்ப்பது எங்கள் தொழில். மூட்டையைக் கண்டவுடன் கண்ணே தராசாகும். ஆமாவின் கட்டைப் பார்த்து, "இருபது கிலோ இருக்கும்" என்றோம். வழியிலிருந்த கடைத் தராசில் வைத்தபோது முப்பத்தொரு கிலோ நின்றது. எங்கள் கண் பிழைத்தது ஏனென்றால், அவர் நடந்த நடையில் பாரம் தெரியவில்லை. முப்பத்தொரு கிலோவைத் தலைமேல் ஏந்தி, ஒற்றையடிப் பாதையில், ஐந்து கிலோமீட்டர். அந்தக் கட்டு எத்தனை நாளுக்கு வரும் என்று வினவினோம். "தை மாதமானால் மூன்று நாள்" என்னும் பொருள்பட விரல்களைக் காட்டினார்.

ஐந்தாம் படத்தில் இரண்டு மரங்கள் உள்ளன. இடப்புறம் ஊசியிலை மரம், இவ்வூரார் சீட் என்பது. வலப்புறம் பாஞ்ச் எனப்படும் கருவாலி மரம். வெளியூரார் கண்ணுக்கு இரண்டும் பச்சை. மலைப்பெண்ணுக்கோ இரண்டும் வேறு வேறு உலகம். சீட் மரத்தில் பிசின் உண்டு. குப்பென்று பற்றும், விரைவில் அடங்கும், புகையும் கரியும் மிகும். அதன் பிசின் ஊறிய சிராய்கள் அடுப்பு மூட்ட மிக நல்லவை. பாஞ்ச் மரமோ மெல்லப் பற்றும். பற்றிய பின் நின்று எரியும். தணல் நெடுநேரம் இருக்கும். அதன் இலை மாட்டுக்குத் தழை. உதிர்ந்த சருகு தொழுவத்திற் பரப்பப்பட்டு வயலுக்கு உரம். பாஞ்ச் காட்டின் அடியில் சருகு மக்கிய மண் கடற்பஞ்சு போல் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மலையூர்களில் கல்லால் கட்டிய ஊற்றுக்கு நோலா என்று பெயர். மேலே பாஞ்ச் இருந்தால் கீழே நோலாவில் நீர் நிற்கும் என்பது இவர்களின் அனுபவ அறிவு. ஆகவே நல்ல விறகு எதுவோ அதுவே வெட்டக்கூடாத மரமும் ஆகின்றது. இதுதான் மலைப்பெண்ணின் இக்கட்டு.

ஆதலால் அவர்கள் முறையொன்று வைத்திருக்கிறார்கள். அடிமரத்தைத் தொடுவதில்லை, உலர்ந்த கிளையையும் விழுந்த கொம்பையும் முதலிற் பொறுக்குவர், பச்சைக் கிளை கழிப்பதானால் நுனிக் குருத்தை விட்டுவிடுவர். அதற்கு மரமேற வேண்டும். மரமேறுவதில் இடர் உண்டு. ஆமாவின் மருமகள் ஒரு மார்கழிக் காலையில் பாஞ்ச் மரத்திலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். இன்றும் அவர் காலை இழுத்துத்தான் நடக்கிறார். மகன் சமவெளி நகரொன்றில் உணவகத்தில் வேலை செய்கிறார். மருமகள் விழுந்தபின் காட்டுக்குப் போகும் முறை மீண்டும் ஆமாவுக்கே வந்தது. அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு.

பிழைப்புக்காக ஆண்மக்கள் மலையிறங்கிப் போவது இங்கு நெடுங்கால வழக்கம். 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் அல்மோரா, பௌரி கர்வால் ஆகிய இரண்டு மாவட்டங்களின் மக்கள்தொகை முந்தைய கணக்கைவிடக் குறைந்தே போயிற்று. நாமும் ஊரைவிட்டு வந்தவர்களே அன்றோ? நாம் வந்து விட்டதால் நம் ஊரில் எந்தக் கிழவி எந்தச் சுமையைத் தூக்குகிறாள் என்று நாம் எண்ணுவதுண்டா? இக்கேள்வி அன்றிரவு எங்களை உறங்கவிடவில்லை.

ஆறாம் படம் நம் நிலையத்தின் பழைய பக்கவழிப் பாதை. சிலிப்பர் கட்டைகளைப் பாருங்கள். இன்று பெரும்பாலும் கற்காரைச் சிலிப்பர்களே இடப்படுகின்றன. ஒரு காலத்தில் சாலும் தேவதாருவும் இன்னபிற மரங்களும் தண்டவாளத்தின் கீழே படுத்திருந்தன. நம் சோற்றுக்கு வழிசெய்யும் இருப்புப்பாதை, இமயக் காடுகளைத் தின்றே வளர்ந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. மரம் அரசுக்கு வேண்டியதாயிற்று, காடு ஒதுக்கப்பட்டது. 1911 முதல் 1917 வரை குமாவூன் காடுகளிற் பெரும்பகுதி அரசின் ஒதுக்குக் காடுகளாயின. தலைமுறை தலைமுறையாக விறகு எடுத்த காட்டில் விறகெடுப்பது குற்றமாயிற்று. 1921இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஊசியிலைக் காடுகள் பல தீக்கிரையாயின. அதன்பின் குறைகேட்கும் குழு ஒன்று அமைந்தது. 1931இல் வன பஞ்சாயத்து விதிகள் பிறந்தன. ஊரார் தம் காட்டைத் தாமே காத்து, எந்த நாளில் யார் எவ்வளவு எடுக்கலாம் என்று தாமே வகுத்துக்கொள்ளும் அம்முறை இன்றும் பல ஊர்களில் நடந்து வருகின்றது.

பின்னர் 1973இல் கர்வாலின் மண்டல் என்னும் ஊரிலும், 1974 மார்ச்சு 26ஆம் நாள் ரேணி என்னும் ஊரிலும் மரங்களைக் காக்க மக்கள் முன்வந்ததை உலகம் அறியும். ரேணியில் கௌரா தேவியின் தலைமையில் நின்றவர்கள் ஊர்ப் பெண்களே. 'சிப்கோ' எனப்பட்ட அவ்வியக்கத்தின் பயனாக, 1981இல் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பகுதியில் பச்சை மரங்களை வணிகத்துக்காக வெட்டுவது தடை செய்யப்பட்டது. விறகு சுமந்த தலைகளுக்கே மரத்தின் அருமை தெரிந்தது என்பதை நினைவிற் கொள்வோம்.

இனி, இப்படங்களைக் காட்டியதற்குக் காரணம் யாது என்பதைச் சொல்லுகிறோம். அது எங்கள் பிழையைப் பற்றியது. சொல்ல நாணமாகவே இருக்கிறது.

நாங்கள் மாற்றலாகி இங்கு வந்த முதற் குளிர்காலம். தை மாதத்து மழை. மின்கம்பி அறுந்து இரண்டு நாள் விளக்கில்லை, மின் அடுப்பில்லை. ஊரிலிருந்து வந்திருந்த எழுபது வயதுத் தாயாருக்குக் குளிர் தாங்கவில்லை. மகனுக்கு அப்போது ஆறு வயது. கடைவீதியில் ஓர் அங்கீட்டியும் ஒரு மூட்டை அடுப்புக்கரியும் வாங்கினோம். விறகு புகையும், கரி புகையாது. எனவே கரிதான் நல்லதென்று எங்கள் அறிவு சொல்லிற்று. சன்னல் இடுக்குகளில் பழந்துணியைச் செருகினோம். கதவின் அடியிற் சாக்கை மடித்து வைத்தோம். அறை இனிய சூடாயிற்று. நால்வரும் உறங்கிவிட்டோம்.

விடியற்காலையில் ஆமா வழக்கம்போல் பாற்குவளையோடு வந்து கதவைத் தட்டினார். மறுமொழி இல்லை. மீண்டும் தட்டினார். உள்ளே நாங்கள் தட்டும் ஓசையைக் கேட்டோம், எழுந்திருக்க வேண்டுமென்று அறிந்தோம், கால்கள் கேட்கவில்லை. தலை பிளந்துவிடும் போலிருந்தது. பையன் வாந்தி எடுத்திருந்தான். தாயாரிடம் அசைவே இல்லை. எவ்வாறோ தவழ்ந்து சென்று தாழ்ப்பாளை நீக்கினோம். ஆமா உள்ளே ஓரடி வைத்தார், அங்கீட்டியைக் கண்டார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாற்குவளையை வாசலில் வைத்துவிட்டு, சன்னல்களைத் தள்ளித் திறந்து, பையனைத் தூக்கி முற்றத்திற் கிடத்தினார். பிறகு எங்கள் தாயாரை, முப்பத்தொரு கிலோ தூக்கும் அதே தலையும் தோளும் கொடுத்துத் தூக்கி வெளியே கொணர்ந்தார். அங்கீட்டியைக் கடைசியாக எடுத்து மழையில் வைத்தார். அண்டை வீட்டார் மருத்துவமனைக்கு வண்டி கொணர்ந்தனர். அன்று மாலை தாயார் கண்விழித்து, "பால் காய்ச்சியாச்சா?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

மருத்துவர் விளக்கினார். காற்றோட்டமில்லாத இடத்தில் கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினைப் பிராணவாயு பற்றுவதைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பின் மயக்கம். உறங்குபவர் உறங்கியபடியே போய்விடுவர். புகையாவது கண்ணைக் கரித்து எச்சரிக்கும். புகையாத கரி எச்சரிக்காமலே கொல்லும். நாங்கள் எதனை நன்மையென்று கருதினோமோ அதுவே கேடாயிற்று.

மூன்றாம் நாள் ஆமா வந்தார். அப்போதுதான் பேசினார். "நெருப்போடு உட்காரலாம், பேசலாம், கதை சொல்லலாம். நெருப்போடு உறங்கக்கூடாது, மகனே" என்றார். பிறகு எங்கள் வீட்டம்மையாரை அழைத்துச் சென்று விறகின் பாடத்தைத் தொடக்கத்திலிருந்து கற்பித்தார்.

அந்தப் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். புதிதாக வெட்டிய மரத்தில் எடையிற் பாதியளவுகூட நீர் இருக்கும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பம் வீணாகும், மிஞ்சுவது புகையே. ஆகையால் விறகைப் பிளந்து, குறைந்தது ஆறு மாதம், கருவாலி போன்ற வன்மரமாயின் ஓராண்டு உலர்த்த வேண்டும். தரையில் வைக்காமல் இரண்டு கட்டைகளின்மேல் அடுக்கவேண்டும். மேலே கூரை வேண்டும். பக்கங்களிற் காற்றுப் புகவேண்டும். உலர்ந்ததா என்றறிய இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கவேண்டும். 'கணீர்' என்றால் உலர்ந்தது. 'தொப்' என்றால் ஈரம். வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருந்தாலும் உலர்ந்ததே. குளிர் வந்தபின் விறகு தேடுபவன், தேர்வன்று பாடப்புத்தகம் வாங்குபவனைப் போன்றவன்.

ஏழாம் படம், எரிவாயு உருளையை முதுகிற் சுமந்து செல்லும் கோவேறு கழுதை. 2016 மே முதல் நாள் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் பின் மலையூர்களிலும் எரிவாயு அடுப்புகள் பெருகின. ஆமா வீட்டிலும் ஒன்று உண்டு. தேநீருக்கும் விருந்தினருக்கும் அது எரியும். குளிக்க வெந்நீருக்கும் மாட்டுத் தீவனம் வேகவைக்கவும் விறகே எரியும். உருளை தீர்ந்தால் மறு உருளை மேலே ஏறிவரப் பணமும் நாளும் ஆகின்றன. ஆயினும் காட்டுக்குப் போகும் நாட்கள் குறைந்தன என்று மருமகள் சொன்னார். இடுப்பு முறிந்தவருக்கு அதன் அருமை நன்கு தெரியும்.

அன்பர்களே, நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, இவ்வாண்டு புதிதாக மாற்றலாகி வரும் குடும்பம் ஒவ்வொன்றையும் ஐப்பசிக்குள் நம்மவர் ஒருவர் நேரிற் கண்டு, மூடிய அறையில் அங்கீட்டி வைத்து உறங்கலாகாது என்று சொல்லவேண்டும். கடிதம் போதாது, வீட்டுக்குப் போகவேண்டும். இரண்டாவது, நம் குடியிருப்பில் முறிந்து விழும் கிளைகளைக் குப்பையோடு கொளுத்தாமல், பிளந்து, சங்கக் கட்டடத்தின் பின்புறம் கூரையமைத்து அடுக்கி வைக்கலாம். இரவுக் காவலர்க்கும், குளிரில் திறந்த வெளியில் தீக்காய வருவோர்க்கும் அது பயன்படும். மூன்றாவது, விறகு விற்க வரும் மலைப்பெண்ணிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசுமுன், அந்தக் கட்டை ஒருமுறை நம் தலையில் ஏற்றிப் பார்ப்போம்.

கடைசிப் படம். இது நான்காம் படத்தின் அச்சுப் பிரதி, சட்டமிட்டு ஆமாவின் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நாங்கள் அதனைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் உற்றுப் பார்த்தார். மகிழ்ந்து ஏதேனும் சொல்லுவார் என்று காத்திருந்தோம். "இதில் பாதி சீட் விறகாயிற்றே; பாஞ்ச் கொண்டுவந்த நாளில் எடுத்திருக்கக்கூடாதா?" என்றார். பிறகு சிரித்தார். சென்ற புரட்டாசியில் ஆமா மறைந்தார். அவர் பிளந்து அடுக்கிய விறகு இன்னும் அவ்வீட்டு இறவாரத்தில் இருக்கிறது. வரும் தை மாதத்துக்காக அவர் சேர்த்து வைத்தது அது. தாம் காணாத குளிருக்கும் விறகு சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

எங்கள் தாயாருக்கு இப்போது வயது எழுபத்தாறு. இன்று முன்வரிசையில் அமர்ந்து இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் அமர்ந்திருப்பதே நாங்கள் சொல்லவந்த செய்தி.